தடியனா, நெட்டையனா

அந்த இரண்டு மோட்டார் சைக்கிள்களின் உண்மையான பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. தயாரித்த கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள், அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. அவற்றை வைத்திருக்கிறவர்கள் வருவார்கள். அதனால் எங்கள் வீட்டில் நான் வைத்த பெயர்களையே இங்கேயும் சொல்கிறேன். ஒன்று தடியன், இன்னொன்று நெட்டையன்.

தடியன் கனமான வண்டி, தாழ்வானது. கீழே நின்று உறுமினால் மூன்றாவது மாடியில் நான் சட்னி அரைக்கிற மிக்ஸி சத்தம் எனக்கே கேட்காது. நெட்டையன் உயரம், ஒல்லி. அதன் முன் மட்கார்டு சக்கரத்தோடு ஒட்டாமல் கொக்கு மூக்கு மாதிரி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டுமே மேடு பள்ளம் பார்க்காமல் மலைக்குப் போகிறவர்களுக்கான வண்டிகள் என்றார்கள். இதில் எது என் கணவருக்குப் பொருந்தும் என்று முடிவு செய்ய ஏறக்குறைய இரண்டு வருடம் ஆயிற்று. கணவர் எனக்குப் பொருந்துவாரா என்று முடிவு செய்ய எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். அதிலும் பாதி கேசரி பரிமாறுவதில் போய்விட்டது.

மிச்சப் பாதியில்தான் இந்தக் கதை தொடங்கியது. நான் புனேயை ஒட்டிய கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் வீட்டுத் தமிழில் பாதி இந்தி, கால்வாசி மராத்தி, மிச்சம் இருந்தால் வேலூர். மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வேலைக்காகப் புனே வந்தவர். பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசட்டும் என்று எங்களைக் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் விட்டார்கள். அவர் ரொம்ப நேரம் எங்கள் வீட்டுப் போர்வைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு மலையெல்லாம் புடிக்குமுங்களா?"

"புடிக்கும்."

"எனக்கு பைக்குலயே லடாக் வரைக்கும் போகோணும்னு ஆசைங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் ஒருவர் இதைச் சொன்னால் வேறு எதற்காகச் சொல்வார்? என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். சரி என்று தலையாட்டியதற்குப் பாதிக் காரணம் அதுதான். எங்கள் கட்கியில் ராணுவக் குடும்பங்கள் மாற்றலாகி வருவதும் போவதுமாக இருக்கும். லடாக்கிலிருந்து வருகிறவர்கள் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் கொண்டுவந்து தருவார்கள். அங்கே ஆகாயம் நீலமாக இருக்காது, கறுப்பில் ஊறின நீலமாக இருக்கும் என்பார்கள். அதை ஒருமுறை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே எனக்கு ஆசை. பிறகு பள்ளிக்கூட டீச்சரானேன், மனைவியானேன், ஒரு பெண் குழந்தைக்கு அம்மாவானேன். ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். புனேயில் ஔந்த் பகுதியில் இருந்த எங்கள் ஃபிளாட்டிலிருந்து தினமும் இரண்டு சக்கரத்தில் வேலைக்குப் போனவள் நான்தான். புனே பெண்களின் வழக்கப்படி துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கண் மட்டும் தெரியக் கட்டிக்கொண்டு, கியர் இல்லாத என் ஸ்கூட்டரில் முளா ஆற்றுப் பாலம் தாண்டிக் கட்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். மழை, வெயில், கணபதி ஊர்வலம் எதற்கும் நின்றதில்லை. என் கணவர் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, மோட்டார் சைக்கிள் பத்திரிகை படித்துக்கொண்டு போவார்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் ஹாலில் சபை கூடும். மூன்று பேர்தான். தலைவர் என் கணவர். மற்ற இருவரும் இரண்டு வண்டிகளுக்கும் வக்கீல்கள்.

நெட்டையனுக்கு வாதாடியவர் புனேக்கு வெளியே சாகணில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் இன்ஜினியர், மதுரைக்காரர். "பத்து வருசமா வண்டித் தொழில்ல கெடக்கேன்" என்று ஆரம்பிக்காமல் எதையும் சொல்லமாட்டார். அந்தப் பத்து வருடமும் அவர் கவனித்துக்கொண்டது சரக்கு ஆட்டோவின் கதவுக் கைப்பிடியை. தடியனுக்கு வாதாடியவர் என் கணவரோடு ஆபீசில் வேலை செய்த சென்னைக்காரர். நல்ல வாட்டசாட்டமான ஆள், பஜ்ஜித் தட்டு எங்கே வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் அவர் பக்கம் நகர்ந்திருக்கும். அவருக்குச் சொந்தமாக வண்டியே கிடையாது. ஆட்டோவில் வருவார், வந்ததும் ஆட்டோக்காரரோடு போட்ட சண்டையை முதலில் விவரிப்பார், பிறகுதான் சபை நடவடிக்கைகள்.

இந்த மூன்று பேரும் சேர்ந்து அதுவரை போன மிகப் பெரிய சாகசப் பயணம் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற லோணாவளா. கணவரின் பழைய நூறு சிசி வண்டியும் சாகண்காரரின் வண்டியுமாகக் கிளம்பினார்கள். மும்பை விரைவுச் சாலையில் இரண்டு சக்கர வண்டிகளை விடமாட்டார்கள் என்பது வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பிறகுதான் சபைக்குத் தெரிந்தது. பழைய ரோட்டில் போய், சிக்கி என்கிற அந்த ஊர்க் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அதைப் பற்றி ஆறு மாதம் பேசினார்கள்.

"பள்ளத்துல எறங்குனா தடியனுக்கு வயிறு தரையில இடிக்கும்ப்பா," என்பார் சாகண்காரர். நான் வைத்த பெயர்கள் அதற்குள் சபையிலும் பரவியிருந்தன.

"நெட்டையன் நடுவழில படுத்துக்கிச்சுனா யாரு பாப்பா? தடியன்னா எந்த ஊர்லயும் ஒரு மெக்கானிக் இருப்பான் மச்சான்."

"அப்ப உன் வண்டி எந்த ஊர்லயும் நிக்கும்னு ஒத்துக்கிற."

என் கணவர் இருவரையும் கையமர்த்துவார். ஜெர்மனியில் ஒருவர் எழுதியிருப்பதை இன்டர்நெட்டில் படித்ததாகச் சொல்வார். ஜெர்மனிக்காரர் பாலைவனத்தில் ஓட்டியிருப்பார். அது வேறு வண்டி, வேறு இன்ஜின், வேறு கண்டம். ஆனாலும் அந்த ஜெர்மனிக்காரருக்கு எங்கள் ஹாலில் நல்ல மரியாதை இருந்தது. சங்கிலி எத்தனை நாளைக்கு ஒருமுறை இறுக்க வேண்டும், டேங்க் நிறைத்தால் எத்தனை கிலோமீட்டர், தண்ணீரில் இறங்கினால் புகைக்குழாய்க்குள் தண்ணீர் போகுமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து காயப்போட்டார்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க ஹாரன் மட்டுமே.

நான் ஒருநாள் பஜ்ஜி வைத்துக்கொண்டே கேட்டேன். "ரெண்டு வண்டிலயும் சிக்னல்ல நின்னா இவருக்குக் கால் கீழ எட்டுமா?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். மேகத்துக்கு மேலே நடந்துகொண்டிருந்த விவாதத்துக்குள் நான் ஔந்த் சிக்னலைக் கொண்டுவந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "தேங்காச் சட்னி இருக்குங்களா அண்ணி?" என்றார் சென்னைக்காரர்.

இத்தனை பேச்சில் நீ ஒரே ஒரு வார்த்தை, "நானும் வரேன்தானே?" என்று கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கேட்க முடியாது. என் மாமியார் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வண்டி வாங்கி, வாசலுக்கு வந்து, பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிற வரைக்கும் அந்த வண்டியில் எங்கே போகப்போகிறோம், யார் யார் போகப்போகிறோம் என்று வாய் திறக்கக் கூடாது. மாமனார் கார் வாங்குவதற்கு முன்னால் யாரோ அவசரப்பட்டு, "இதுல பழனிக்குப் போயிட்டு வந்துரலாம்" என்று சொல்லித் தொலைத்தார்களாம். அந்தக் கார் கடைசிவரை பழனியைப் பார்க்காமலே இரும்புக் கடைக்குப் போனதாம். என் கணவர் கடவுளையே கேள்வி கேட்பவர், ஆனால் இந்தச் சட்டத்தை மட்டும் மீறமாட்டார். எங்கள் ஹாலில் லடாக் என்ற பெயரையே யாரும் சொன்னதில்லை. "அங்க" என்பார்கள். "அங்க குளுருல பேட்டரி நிக்குமா?" "அங்க ரோடு எப்படி?" அவ்வளவுதான். நானும் நல்ல மருமகளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை, அடுக்களையில் இருந்தபோது சாகண்காரர் குரல் கேட்டது. "எல்லாஞ் சரி. பின்னாடி உக்காந்து வாற ஆளப் பத்தி யோசிச்சீங்களா? நாள் பூராம் உக்காந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்?"

நான் அடுப்பைச் சிறியதாக்கினேன். இரண்டு வருட வாதத்தில் பின் சீட்டு என்று ஒன்று இருப்பதை முதல்முறையாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த மதுரைக்காரரைப் பற்றி அதுவரை நினைத்த எல்லாவற்றையும், கதவுக் கைப்பிடி உட்பட, அந்த நிமிடமே வாபஸ் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் கணவர் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார்.

"அம்மிணி, நாளைக்கு நீயும் ஷோரூமுக்கு வாயேன். ரெண்டுலயும் பின்னாடி ஒக்காந்து பாத்து எது தேவலாம்னு சொல்லோணும்."

அன்று சென்னைக்காரருக்கு ஒரு தட்டு பஜ்ஜி கூடுதலாகக் கிடைத்தது. மறுநாள் அவர் அப்பா அம்மா ஊரிலிருந்து வருவதால் ஷோரூமுக்கு வர முடியாது என்றார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

நான் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். முதலில் நெட்டையன். அதில் ஏறுவதற்கே ஒரு காலைக் கால்மிதியில் வைத்து எம்ப வேண்டியிருந்தது. பரணில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது, ஷோரூம் முழுக்கத் தெரிந்தது. சீட்டு அரிவாள்மனைப் பலகை அகலம். பிடித்துக்கொள்ள ஒன்றும் சரியாக இல்லை. அடுத்த கடையில் தடியன். அகலமான சீட்டு, பின்னால் பிடிக்கக் கம்பி, கால் வைக்கிற இடமும் சரியான உயரம். நான் சும்மா உட்கார்ந்து எழுந்துவிடவில்லை. ஒரு பக்கமாக உட்கார்ந்தேன், இரண்டு பக்கம் கால் போட்டு உட்கார்ந்தேன், முன்னால் சரிந்து பார்த்தேன், தூக்கம் வந்தால் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிப் பார்த்தேன். விற்கிற பையன் இந்தியில், "மேடம், இன்னொருத்தருக்குக் காட்டணும்" என்று சொல்லும்வரை இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் சென்னைக்காரரும் வந்து சேர்ந்தபின் என் தீர்ப்பைச் சொன்னேன். நெட்டையனில் முதுகுத்தண்டின் அடிப்பக்கம் வலிக்கும், வண்டி நின்று கிளம்பும்போது பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவர் மேல் சரிய வேண்டிவரும், இடுப்பு அகலமானவர்களுக்கு அது ஆகவே ஆகாது. தடியனில் எத்தனை மணி நேரமும் உட்காரலாம். சாகண்காரர்கூட மறுத்துப் பேசவில்லை. மூன்று ஆண்கள் நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டது அன்று ஒருநாள்தான். தடியன் என்று முடிவாயிற்று.

வண்டி பதிவு செய்யப் போனபோது என் கணவர் விற்கிற பையனிடம், புடவை சிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் போடுகிற கம்பிக் கூண்டைக் கழற்றிவிடச் சொன்னார். எடை குறையுமாம். அந்தக் கம்பி புடவை கட்டி உட்காருகிறவர்களுக்காக. நான் அங்கே புடவையா கட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே லட்சுமி ரோட்டுக்குப் போய், என் வாழ்க்கையின் முதல் ஜீன்ஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

வீட்டில்தான் வாய் திறக்கக் கூடாது. பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் எல்லோரும் மராத்திக்காரர்கள், கோயம்புத்தூர்ச் சகுனத்துக்கு மராத்தி தெரியாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அங்கே எல்லாவற்றையும் கொட்டினேன். பனி விலகி அந்த மலைச் சாலை திறப்பது ஜூன் வாக்கில்தான் என்று தெரியும், அதனால் அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எனக்குச் சம்பளமில்லாத விடுப்பு வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கியே விட்டேன். மகளைப் பார்த்துக்கொள்ளக் கட்கியில் அம்மாவிடம் சம்மதம் வாங்கினேன். அந்த உயரத்தில் மூச்சு வாங்காமல் இருக்கத் தினமும் சாயங்காலம் குன்றின் மேல் இருக்கிற சதுஷ்ருங்கி கோயில் படி ஏறி இறங்கினேன். பக்கத்து மேஜை டீச்சர் எனக்காகக் குரங்குத் தொப்பி பின்ன ஆரம்பித்தார். ஒவ்வொரு இடைவேளையிலும் என் தலையை அளந்து பார்ப்பார். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் வரைக்கும் விஷயம் பரவி, "டீச்சர், அங்கே பனி தின்னலாமா?" என்று கேட்டார்கள். தின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

புனேவில் எல்லோரும் தசரா அன்றைக்குத்தான் வண்டி எடுப்பார்கள். நமக்கு ஆயுத பூஜை அதற்கு முதல் நாள். வண்டி ஆயுத பூஜைக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்று என் கணவர் ஷோரூமில் வாதாடிப் பார்த்தார். தசரா காலை வரிசைப்படிதான் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் சாவியை மட்டும் முன்கூட்டியே கெஞ்சி வாங்கி வந்து, அரிவாள்மனை, ஸ்குரூ டிரைவர், கம்ப்யூட்டர் கீபோர்டு பக்கத்தில் வைத்துச் சந்தனம் பூசினார். வண்டி இல்லாமல் சாவிக்கு மட்டும் ஆயுத பூஜை போட்ட ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

மறுநாள் காலை தடியன் வந்து சேர்ந்தது. எங்கள் கட்டிடத்துக்குக் கீழே, "இங்கே வண்டி நிறுத்தினால் காற்று இறக்கப்படும், பிறகு வந்து அழ வேண்டாம்" என்ற மராத்திப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். கழுத்தில் செண்டுமல்லி மாலை. அக்கம்பக்கத்தார் இந்த ஊர்த் தசரா வழக்கப்படி தங்கம் என்று சொல்லி ஆப்டா மரத்து இலை கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் ஆரத்தி எடுத்தேன், குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் நசுங்கியது. அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். மாடிக்கு ஓடிப் போய் ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு வந்து, முதல் ரவுண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

ஆரத்தித் தட்டைக் கீழே வைப்பதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சென்னைக்காரர் இறங்கினார். முழங்கை, தோள் எல்லாவற்றிலும் பட்டை வைத்த கறுப்பு ஜாக்கெட், கையில் புது ஹெல்மெட். ஹெல்மெட் வேண்டாம் என்று ஊர்வலம் போகிற ஊரில் அதைப் பார்க்கவே நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர் நேராக வந்து தடியனின் பின் சீட்டில் காலைப் போட்டு ஏறினார். வண்டி ஒருமுறை அமிழ்ந்து எழுந்தது.

"அண்ணி, உங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும். நீங்க மட்டும் ஒக்காந்து பாத்து சொல்லலன்னா, இருபது நாள் அந்த நெட்டையன் பின்னாடி ஒக்காந்து என் முதுகு காலி ஆயிருக்கும். சூப்பர் சீட்டு அண்ணி இது!"

என் கணவர் பெருமையாகச் சிரித்தார். இடுப்பு அகலமானவர்களுக்கு என்று நான் அத்தனை நுணுக்கமாகச் சொன்னதை எல்லோரும் ஏன் அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆபீஸ் கேன்டீனில் மாமியார் சட்டம் செல்லுபடியாகாது போலிருக்கிறது. யார் யார் போவது என்பது அங்கே எப்போதோ முடிவாகியிருந்தது. முதல் ரவுண்டுக்கு இருவரும் கிளம்பினார்கள். செண்டுமல்லி இதழ்கள் தெருவெல்லாம் உதிர்ந்தன. நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. அந்தப் படிகளையெல்லாம் எதற்கு ஏறினேன் என்று இருந்தது.

மறுநாள் காலை, அவர் காபிக்கு வந்தபோது சொன்னேன். "நானும் வரதா இருந்தேன்."

"எங்க?"

"லடாக்."

அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லவே இல்லியே அம்மிணி."

"நீங்க கேக்கவே இல்லியே."

"உனக்கு ஸ்கூல் இருக்குது, பாப்பா இருக்கறா, நீ எப்புடி வருவேன்னு நெனச்சேன். இப்ப வந்து சொன்னா என்ன பண்றது? அவன் லீவு போட்டுட்டான். ஜாக்கெட் வேற வாங்கிட்டான்."

"நானும் லீவு போட்டுட்டேன். ஜீன்ஸ் வாங்கிட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "நீயி? ஜீன்ஸா?"

கெட்ட மனிதர் இல்லை. சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டார். உடனே வாயை மூடிக்கொண்டு, அடுத்த வருடம் பார்க்கலாம், வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு பக்கத்து மலையான மகாபலேஷ்வர் போகலாம் என்றார். எனக்கு மகாபலேஷ்வரில் ஆகாயம் என்ன நிறம் என்று தெரியும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். புனே பெண்கள் முகத்தில் துப்பட்டா கட்டுவதற்கு வெயில், தூசி, தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் காதலனோடு போவது என்று பல காரணங்கள் சொல்வார்கள். அன்று பாலத்தில் எனக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

ஆசிரியர் அறையில் என்ன சொல்வது? இரண்டு வருடமாகச் சபையில் கேட்டதெல்லாம் அங்கேதான் உதவியது. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிதாக இருக்கும், இன்ஜினுக்கு மூச்சு முட்டும், இரண்டு பேரை வைத்து இழுக்காது என்று மராத்தியில் விளக்கினேன். எல்லோரும் நம்பினார்கள். பாவம் இன்ஜின் என்று பரிதாபப்பட்டார்கள். பக்கத்து மேஜை டீச்சர் பாதி பின்னிய தொப்பியைப் பிரித்து, அதே நூலில் தன் பேரனுக்குக் காலுறை பின்ன ஆரம்பித்தார்.

ஜூனில் அவர்கள் போனார்கள். இரண்டு வருடம் சீர்தூக்கிப் பார்த்த நெடுஞ்சாலை வசதி, டேங்க் கொள்ளளவு எல்லாம் ஒருபுறம் இருக்க, தடியனைப் பெட்ரோல் வடித்து, சாக்கைச் சுற்றித் தைத்து, புனே ஸ்டேஷனிலிருந்து ஜம்மு போகிற ரயிலில் பார்சலாக அனுப்பினார்கள். அவர்களும் ரயிலிலேயே போனார்கள். நான் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். பிறகு வந்த போட்டோக்களில் ஆகாயம் ராணுவக்காரர்கள் சொன்ன மாதிரியே இருந்தது. எல்லாப் படத்திலும் அந்த நிறத்துக்கு முன்னால் சென்னைக்காரர், தொண்ணூறு கிலோவுக்குக் குறையாமல் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இன்ஜினுக்கு மூச்சு முட்டியதாகத் தெரியவில்லை. அந்தப் படங்களை நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகவில்லை.

அதற்கப்புறம் நான் தடியனில் ஏறவில்லை. சபதம், கிபதம் என்று யாரிடமும் சொல்லவுமில்லை. எனக்குக் கோபம், ஏறவில்லை, அவ்வளவுதான். "வா, வண்டில போலாம்" என்று அவர் எப்போதாவது கூப்பிட்டால், வழியில் காய்கறி வாங்க வேண்டும், அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி என் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவேன். அவரும் வற்புறுத்தியதில்லை. தடியன் ஞாயிற்றுக்கிழமை வண்டியானது, பிறகு மாதத்துக்கு ஒருநாள் வண்டியானது, பிறகு ஒரு போர்வைக்கு அடியில் நின்றது. சிக்னலில் நிறுத்தினால் அதன் கனம் முழங்காலை இழுக்கிறது என்று அவரே ஒருநாள் சொன்னார்.

மூன்று வருடம் கழித்து விற்பது என்று முடிவு செய்தார். பார்க்க வந்தது பிம்ப்ரியிலிருந்து ஒரு மராத்தி இளைஞன். கூடவே அடுத்த மாதம் அவனுக்கு மனைவியாகப் போகிற பெண். அவள் முகத் துப்பட்டாவை அவிழ்த்து, வியர்வையைத் துடைத்துவிட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அவன் இன்ஜினைக் கேட்டான், டயரைத் தட்டினான். என் கணவர் லடாக் கதையை இந்தியில் ஆரம்பித்தார். ஜெர்மனிக்காரர்கூட நடுவில் ஒருமுறை வந்து போனார். பிறகு அந்தப் பையன் பின் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்து, தூரப் பயணத்துக்கு இது வசதியாக இருக்குமா என்று கேட்டான்.

"இவளையே கேளுங்க," என்றார் என் கணவர் உற்சாகமாக. "ரெண்டு வண்டியிலயும் உக்காந்து பாத்து இத செலக்ட் பண்ணினதே இவதான்."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் பொய் சொல்லவும் தோன்றவில்லை, நல்ல சீட்டைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. மராத்தியில் சொன்னேன்.

"நிக்கும்போது ரொம்ப வசதியா இருக்கும். ஓடும்போது எப்படின்னு எனக்குத் தெரியாது. இவரோட ஃப்ரெண்டத்தான் கேக்கணும்."

பையன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனிடம் திரும்பி, "மீ பண் யேணார்" என்றாள். நானும் வருவேன் என்றாள், கேள்வியாக இல்லை, தகவலாக. அவன், "பின்னே, நீ இல்லாமலா?" என்று சொல்லிக்கொண்டே வண்டியின் காகிதங்களை வாங்கிப் பார்த்தான். அவர்களுக்கு அது அவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது.

விலை பேசி முடிந்தது. பையன் சாவிக்காகக் கையை நீட்டினான். என் கணவர் கொடுக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தமிழில், மெதுவாகக் கேட்டார்.

"ஒரு தடவகூடவா நீ இதுல ஏறல, அம்மிணி?"

"சாவியக் குடுங்க," என்றேன். "அந்தப் பொண்ணு வெயில்ல நிக்குது."